சாயம் போகாத கிருமி

ஸ்லைடுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கை மெல்ல நகர்த்த வேண்டும். மேலே ஊற்றிய சிவப்புச் சாயத்திலிருந்து ஆவி கிளம்ப வேண்டும். கொதிக்கவும் கூடாது, காய்ந்துபோகவும் கூடாது. ஐந்து நிமிடம் அப்படியே விட்டுத் தண்ணீரில் அலசி, 25 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்ற வேண்டும். சளி வெளுக்கும். சளியில் இருக்கும் மனித அணுக்கள் வெளுக்கும். வாயில் சாதாரணமாகக் குடியிருக்கும் அத்தனை கிருமிகளும் வெளுக்கும். ஒன்று மட்டும் வெளுக்காது. பிறகு நீலச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தால், நீலத் தரையில் சிவப்பு நூல் துணுக்கு விழுந்து கிடப்பதைப் போல அது தெரியும். காசநோய்க் கிருமி. 1986 முதல் 2022 வரை முப்பத்தாறு வருஷம் லேப் டெக்னீசியனாக நான் தேடியது அந்தச் சிவப்புத் துணுக்கைத்தான்.

என் ஊர் ஆரணி. பட்டுச் சேலைக்குப் பேர்போன ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. இது வேறு. ஆந்திரத்தில் பிறந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வந்து, பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டில் கலக்கிற ஆரணியாற்றின் கரையோர ஊர். எங்கள் வீட்டிலும் தறி இருந்தது. பட்டுக்கு அல்ல, பருத்திக்கு. நைனா குழித்தறியில் லுங்கி நெய்தார். பெரியப்பா நூலுக்குச் சாயம் தோய்த்தார். தோய்த்த நூலை உலர்த்தியதும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார். துணியில் நிறம் ஒட்டினால் சாயம் இறங்குகிறது, ஒட்டாவிட்டால் நிற்கிறது. பயிற்சியின் முதல் நாள் ‘ஆசிட் ஃபாஸ்ட்’ என்ற சொல்லை எழுதிப்போட்ட ஆசிரியர், “ஆசிட் ஊத்தினாலும் கலர் போவாதும்மா” என்று விளக்கினார். “கெட்டிச் சாயமா சார்?” என்று கேட்டேன். “அதேதான்” என்றார். பெரியப்பா சாயத் தொட்டியில் பார்த்ததும் நான் ஸ்லைடில் பார்த்ததும் ஒரே சோதனை.

ஆனால் அந்தக் கிருமியோடு என் பழக்கம் அதற்கும் முந்தியது. 1971 ஐப்பசியில் நைனா இருமத் தொடங்கினார். தறியில் உட்கார்ந்தால் பஞ்சுத் தூசு பறக்கும். தூசு இருமல் என்றார்கள். சாயங்காலமானால் உடம்பு சுட்டது. ராத்திரி வேர்வையில் துண்டு நனைந்தது. பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒருவர் பத்து நாள் பென்சிலின் போட்டார். பென்சிலினுக்கு அடங்காத காய்ச்சல் இல்லை என்று ஊரே நம்பிய காலம் அது. நைனாவின் காய்ச்சல் அடங்கவில்லை. பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் சளியோடு ரத்தம் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து டி.பி. என்று எழுதினார்கள். ஊரில் அதற்குச் சயரோகம், எலும்புருக்கி என்று பேர். வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பேரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

தினம் ஒரு மாத்திரை, ஒன்றரை வருஷம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாத்திரை உள்ளே போனதும் தறிக்குப் பின்னால் இருந்த சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். நாலு மாசத்தில் இருமல் நின்றது. நைனா மறுபடி தறியில் இறங்கினார். “போதும்டி, வயித்தப் பொரட்டுது” என்றார். “இருமல் நின்னா போச்சா? டாக்டரு சொன்ன கோடு முடியட்டும்” என்றார் அம்மா.

பென்சிலின் ஏன் நைனாவுக்குக் கேட்கவில்லை? இருமல் நின்ற பிறகும் ஏன் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை? பத்து வயதில் எனக்குள் விழுந்த இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை இருந்தது. அது கிருமியின் சுவர். அந்தச் சுவருக்குள் மருந்து நுழைந்த வரலாற்றில் பாதி, எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் நடந்தது.

பாக்டீரியாவின் சுவரைப் புத்தகங்களில் செங்கல் சுவராக வரைவார்கள். எனக்கு அது துணியாகத்தான் தெரியும். நீளவாக்கில் சர்க்கரைச் சரங்கள் ஓடுகின்றன, அது பாவு. குறுக்கே சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் ஒரு சரத்தை அடுத்த சரத்தோடு கோக்கின்றன, அது ஊடை. இந்த நெசவுக்குப் பெப்டிடோகிளைக்கன் என்று பெயர். உள்ளிருக்கும் அழுத்தத்தில் கிருமி வெடித்துவிடாமல் தாங்குவது இந்தத் துணிதான். பென்சிலின் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. ஊடை கோக்கிற நொதியின் கையைக் கட்டிப் போடுகிறது. வளர்கிற கிருமி பாவை நீட்டிக்கொண்டே போகும், குறுக்கே நூல் விழாது. துணி பிய்ந்து கிருமி வெடிக்கும்.

இந்தத் துணி எல்லாக் கிருமிகளுக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது சாயம். 1884இல் பெர்லினில் வேலை செய்துகொண்டிருந்த டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், ஊதாச் சாயம் போட்டு ஆல்கஹாலில் கழுவினார். சில கிருமிகளில் ஊதா நின்றது, சிலவற்றில் இறங்கியது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. காரணம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு துலங்கியது. ஊதா நிற்கிற கிருமிக்குப் பல மடிப்பாகக் கெட்டி நெசவு. மேலே மூடி இல்லை. ஊதா இறங்குகிற கிருமிக்கு மெல்லிய நெசவு, அதன் மேல் கொழுப்பாலான இன்னொரு படலம். ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் சாயம் வெளியேறுகிறது. நிறத்தால் பிரிந்த இந்த இரண்டு கூட்டங்களும் மருந்திலும் பிரிந்து நின்றன. தொண்டைப் புண் தருகிற ஸ்ட்ரெப்டோகாக்கஸின் நெசவு வெளியே திறந்து கிடக்கிறது. பென்சிலின் நேராகப் போய்த் தொடும். குடலில் வாழும் ஈ.கோலையின் வெளிப்படலம் பழைய பென்சிலினைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். அந்தப் படலத்தின் துளைகளில் நுழையும்படி மாற்றிச் செய்த ஆம்பிசிலின் 1961இல் வந்தது.

காசநோய்க் கிருமி இந்த இரண்டு கூட்டத்திலும் சரியாக அடங்காது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் அதை உலகுக்குக் காட்டியபோதே சாயத்தோடு மல்லுக்கட்டித்தான் காட்டினார். அதே ஆண்டில் பால் எர்லிக், ஏறிய சாயம் அமிலத்துக்கும் இறங்காது என்பதைக் கண்டார். ஃபிரான்ஸ் ஸீல் கார்பாலிக் அமிலத்தைச் சேர்த்தார், ஃபிரீட்ரிக் நீல்சன் கந்தக அமிலத்தைக் கொண்டுவந்தார். நான் முப்பத்தாறு வருஷம் செய்த ஸீல்-நீல்சன் முறை அவர்கள் இருவர் பெயரில்தான் இருக்கிறது. கார்பாலிக்கும் சூடும் எதற்கு? மெழுகை இளக்கத்தான்.

ஆம், மெழுகு. இந்தக் கிருமி முதலில் மற்றவற்றைப் போலவே பாவும் ஊடையுமாக ஒரு துணி நெய்கிறது. அதன் மேல் அரபினோகேலக்டன் என்கிற சர்க்கரைக் கஞ்சியைப் போடுகிறது. கஞ்சியின் மேல் மைக்கோலிக் அமிலம் என்கிற கொழுப்பை நெருக்கமாக அடுக்குகிறது. தேங்காயெண்ணெயில் அதிகம் இருக்கிற லாரிக் அமிலத்தில் 12 கரிம அணுக்கள் இருக்கின்றன. மைக்கோலிக் அமிலத்தில் 60 முதல் 90 வரை. அவ்வளவு நீளமான கொழுப்பு சேர்ந்து நின்றால், மழைக்கு நெய்த துணியில் மெழுகு பூசியதைப் போல ஆகிவிடும். தண்ணீரில் கரையும் பொருள்கள், ஈ.கோலைக்குள் நுழைவதைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவாகத்தான் இந்தக் குடும்பத்துக் கிருமிகளுக்குள் நுழைகின்றன. பென்சிலினும் அப்படியே. ஒன்றிரண்டாகக் கசிந்து வருகிறதை உள்ளே காத்திருக்கும் ஒரு நொதி வெட்டிப் போட்டுவிடுகிறது. வெளியே மெழுகு, உள்ளே கத்தரி. நைனாவுக்குப் போட்ட பத்து நாள் பென்சிலினும் இந்த இரண்டுக்கும் நடுவில் வீணானது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த மெழுகின் பலம் தினமும் என் கண்ணில் பட்டது. சளியிலிருந்து கிருமியை வளர்த்தெடுக்க வேண்டுமானால் முதலில் 4 சதவீதக் காஸ்டிக் சோடாவில் ஊற வைப்பார்கள். கையில் பட்டால் தோலை அரிக்கிற சரக்கு. மற்றக் கிருமிகள் செத்துவிடும், காசநோய்க் கிருமிகளில் போதுமான அளவு தப்பிக்கும். பிறகு முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து உறையவைத்த லோவென்ஸ்டீன்-ஜென்சன் குப்பியில் விட்டால், ஆறேழு வாரத்தில் உலர்ந்த ரொட்டித் தூள் போலச் சொரசொரப்பாக முளைக்கும். ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இது இரண்டாக ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுக்கும். கனத்த சுவருக்கு உள்ளே உணவு மெதுவாகத்தான் வருகிறது, வாழ்க்கையும் மெதுவாகத்தான் ஓடுகிறது.

இந்தச் சுவருக்குள் மனிதன் முதலில் நுழைந்தது 1943இல், ஸ்ட்ரெப்டோமைசினோடு. அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் அதை மண்ணின் நுண்ணுயிரிலிருந்து எடுத்தார். அடுத்து சுவீடனின் யோர்கன் லேமன் கண்ட பி.ஏ.எஸ். 1952இல் மூன்றாவது மருந்து வந்தது. உண்மையில் அது பழைய சரக்கு; 1912இலேயே பிராக் நகரில் மேயர், மாலி என்ற இரண்டு வேதியியலாளர்கள் செய்து, பயன் தெரியாமல் விட்டுவிட்ட பொருள். ஐசோனியாசிட் என்று பெயர். சின்ன மூலக்கூறு, மலிவானது, வாயால் சாப்பிடலாம். நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் சாகக் கிடந்தவர்கள் எழுந்து சாப்பாடு கேட்டார்கள்.

ஆய்வுக்கூடங்களில் அப்போதே ஒரு விந்தை கண்ணில் பட்டது. ஐசோனியாசிட்டில் சில நாள் இருந்த கிருமிகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டால் நிற்கவில்லை. அமிலம் ஊற்றியதும் இறங்கிவிட்டது. கெட்டிச் சாயம் வெளுத்துவிட்டது. மருந்து மெழுகில்தான் கை வைக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. ஐசோனியாசிட், மைக்கோலிக் அமிலத்தைக் கிருமி உருவாக்குவதைத் தடுக்கிறது என்று 1970களில் வேதியியலாகவே நிறுவினார்கள். சுவரை உடைத்துக்கொண்டு போகாமல், சிறிய உடம்போடு கசிந்து போய், மெழுகு காய்ச்சுகிற அடுப்பை அணைக்கிற மருந்து அது.

மருந்து கிடைத்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது, எங்கே வைத்துக் கொடுப்பது? அதுவரை காசநோய் வைத்தியம் என்றால் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கியது இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, மாதக் கணக்கில் படுக்கை. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? தறி ஓடாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டு மனிதன் ஒரு வருஷம் படுக்கையில் கிடக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு உலகுக்கே விடை சொன்ன இடம் சென்னை சேத்துப்பட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்றார். தேவதத்தா, ராமகிருஷ்ணன், வேலு, புள்ளியியலில் ராதாகிருஷ்ணா, வேதியியலில் கங்காதரம் என்று நம்மவர் பெயர்கள் அந்தக் கட்டுரைகளின் தலைப்பில் வரிசையாக நிற்கும். அவற்றை நகலெடுத்துப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

சென்னையின் நெருக்கடியான ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் தங்கள் வீட்டுக்கே. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்ஸும், ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் அரைவயிறு சாப்பிட்டார்கள், வேலைக்கும் போனார்கள், ஒரே அறையில் பிள்ளைகளோடு படுத்தார்கள். வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தில் கூடுதலாக நோய் பரவவில்லை. பரவியது பெரும்பாலும் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடந்துவிட்டிருந்தது. 1959இல் முதல் வருஷ முடிவு வெளியானபோதே சானடோரிய யுகம் முடியத் தொடங்கியது. கிருமியைக் கொன்றது பாலும் காற்றும் ஓய்வும் இல்லை. மெழுகுக்குள் போய்ச் சேர்ந்த மருந்து. அது எந்த வீட்டுக்கும் போகலாம். பன்னிரண்டு வருஷம் கழித்து ஆரணியில் ஒரு நெசவாளி, தன் தறிக்குப் பக்கத்திலேயே படுத்துப் பிழைத்தார் என்றால் அந்த 193 பேர் போட்ட பாதையில்தான்.

அதே ஆண்டுகளில் சென்னையின் இன்னொரு பொருள் அமெரிக்காவில் பேச்சாக இருந்தது. சலவையில் சாயம் இறங்கும் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி. ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்று அதற்கே பெயர் வைத்து விற்றார்கள். அதைப் படித்தபோது பெரியப்பாவின் ஈரத்துணி நினைவுக்கு வந்தது. சாயம் இறங்குகிற துணி கப்பலேறிய அதே நகரத்திலிருந்து, சாயம் இறங்காத கிருமிகள் விமானத்தில் லண்டனுக்குப் போயின. அங்கே டெனிஸ் மிட்சிசன் அவற்றைச் சீமைப்பெருச்சாளிகளில் சோதித்தபோது, தென்னிந்தியக் கிருமிகளில் பல பிரிட்டிஷ் கிருமிகளைவிட வீரியம் குறைந்திருக்கக் கண்டார். அந்த வகைக் கிருமிகளின் சுவரில் தனி ஒரு கொழுப்பு இருப்பதை 1970களில் மேயர் கோரன் பிரித்துக் காட்டினார். நம் ஊர்க் கிருமிக்கு நம் ஊர் மெழுகு.

சேத்துப்பட்டில் இன்னொன்றும் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, விழுங்குகிறார்களா என்று தெரிய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நாள் ஆக ஆகச் சிலர் நழுவுவது தெரிந்தது. அதனால் வாரம் இரண்டு முறை நேரில் வரவழைத்து, கண்ணெதிரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1964இல் வெளியான அந்த ஆய்வில் முடிவு நன்றாகவே இருந்தது. உலகம் பின்னால் ‘டாட்ஸ்’ என்று கொண்டாடிய முறைக்கு அது ஒரு முக்கிய வேர்.

நைனாவுக்குக் கொடுத்தது ஐசோனியாசிட்டும் தையாசிட்டசோனும் சேர்ந்த மாத்திரை. வயிற்றைப் புரட்டியது இரண்டாவது மருந்து. இரண்டுமே மைக்கோலிக் மெழுகில் கை வைக்கிறவை என்று பிற்கால ஆராய்ச்சி சொல்கிறது.

எங்கள் திருவள்ளூர்ச் சீமைக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1968இல் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசியின் மிகப் பெரிய சோதனை தொடங்கியது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். ஆகையால் உலகம் அதைச் செங்கல்பட்டுச் சோதனை என்று அறியும். சுமார் 2,60,000 பேர் கையை நீட்டினார்கள். நிஜ ஊசி யாருக்கு, வெற்று ஊசி யாருக்கு என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்று 1979இல் தெரிந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. கசப்பான உண்மைதான். ஆனால் அதைச் சொல்லக் கையையும் சளியையும் கொடுத்தவர்கள் நம் மக்கள். அவர்களில் யாருக்கும் சிலை இல்லை. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

ஊசி கைகொடுக்காததால் பாரம் முழுவதும் மருந்தின் மேல் விழுந்தது. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்ததால் ஒன்றரை வருஷம் ஆறு மாதமாகக் குறைந்தது. 1999இல் திருவள்ளூர் மாவட்டத்தில் டாட்ஸ் முறை வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதிய தனி மருந்துப் பெட்டி. புதிய நோயாளிக்குச் சிவப்பு, திரும்ப வந்தவருக்கு நீலம். ஈர்க்குச்சியை ஒடித்துச் சளியைத் தொட்டு ஸ்லைடில் தடவுவேன். முடிந்ததும் குச்சி பினாயில் குப்பிக்குள் போகும். சாதாரணக் கிருமிநாசினிகள் பல இந்த மெழுகிடம் தோற்கும். பினாயிலில் இருக்கும் ஃபீனால் தோற்காது. ஒரு நாளைக்கு இருபது ஸ்லைடு பார்த்தால் கண்ணை மூடினாலும் நீலம் தெரியும். சேத்துப்பட்டு நிறுவனம் அந்தக் கிராமப் பகுதியில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. சளியில் கிருமி வளர்ந்தவர்கள் முதல் கணக்கெடுப்பில் லட்சத்துக்கு 607 பேர். 2004 முதல் 2006 வரை நடந்த மூன்றாவது கணக்கெடுப்பில் 309 பேர். ஏறக்குறையப் பாதி. அந்த எண்களுக்குள் என் ஸ்லைடுகள் இல்லை, ஆனால் அதே வேலையைச் செய்த கைகள் என்னுடையவை.

அந்தக் குறைவுக்குள் சேராத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2003இல் வந்த இருபத்துநாலு வயதுப் பையன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் ஒப்பந்த வேலை. முதல் ஸ்லைடில் ஒவ்வொரு பார்வைப் புலத்திலும் பத்துக்கு மேல் சிவப்பு, மூன்று பிளஸ். இரண்டு மாத மருந்துக்குப் பிறகு நூறு புலம் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. ‘நெகடிவ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “போச்சாக்கா?” என்று சிரித்தார். “நல்லா இருக்குப்பா” என்றேன். வரிசையில் இன்னும் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அந்தச் சீட்டை அவர் குணமான சான்றிதழாக எடுத்துக்கொண்டார். லீவு போட்டால் கூலி போகும். மறுபடி மருந்துக்கு வரவில்லை. எட்டு மாதம் கழித்து வந்தபோது ஸ்லைடு சிவந்திருந்தது. சளியை வளர்த்துப் பார்த்ததில் ஐசோனியாசிட்டும் ரிஃபாம்பிசினும் இரண்டுமே கேட்கவில்லை. 2005 ஆடியில் இறந்துபோனார்.

நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் என் கண்ணுக்கு ஒன்று தட்டுப்படும். நெகடிவ் என்றால் இல்லை என்று பொருளில்லை. நான் பார்க்கும்படி இல்லை என்று பொருள். இன்னொன்று, சுவரில் கை வைக்கிற மருந்து, சுவர் நெய்துகொண்டிருக்கிற கிருமியைத்தான் கொல்லும். ஓடுகிற தறியில் ஊடை அறுந்தால் துணி கெடும். நிறுத்தி வைத்த தறியில் எதை அறுப்பது? முதல் வாரங்களில் ஓடுகிற தறிகள் எல்லாம் அழிந்துவிடும். இருமல் போகும், காய்ச்சல் போகும், சளி தெளியும். ஆனால் சில கிருமிகள் நெசவை நிறுத்திவிட்டுத் தூங்குகின்றன. ஐசோனியாசிட்கூட அவற்றின் மேல் பெரிதாகப் பலிக்காது. அவை கண் விழிக்கக் கண் விழிக்கக் கொல்லவும், தூக்கத்திலேயே தட்டவும் ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் மாதக் கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். ஆறு மாதம் என்பது நோயாளியின் ஒழுக்கத்தைச் சோதிக்க யாரோ விதித்த கெடு அல்ல. அது கிருமியின் சுவரும் தூக்கமும் விதித்த கணக்கு.

பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வேதியியல் விடை சொல்கிறது. ஐசோனியாசிட் தன்னளவில் விஷம் அல்ல. கிருமியின் உள்ளே இருக்கும் ஒரு நொதி அதைத் தொட்டு மாற்றும்போதுதான் விஷமாகிறது. அந்த நொதிக்கான மரபணுவை, கேட்-ஜி என்பதை, 1992இல் லண்டனிலும் பாரிசிலும் இருந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த நொதியை இழந்த கிருமிக்கு ஐசோனியாசிட் வெறும் தூள். அப்படிப்பட்டவை பத்து லட்சத்தில் ஒன்றாக இயல்பாகவே இருக்கும். நுரையீரலின் ஒரு புண்ணுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள். ஒரே மருந்து கொடுத்தாலோ, விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ, அந்த ஒன்று மட்டும் மிஞ்சி ஊரையே பிடிக்கும். சேத்துப்பட்டில் ஐசோனியாசிட்டைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் 1960இலேயே, கூட்டு மருந்துதான் நல்லது என்று காட்டிவிட்டது.

இதையெல்லாம் நான் ஆவணங்களில் தெரிந்து வைத்திருந்தேன். வரிசையில் நின்றவரிடம் சொல்லவில்லை. மருந்தை விட்டவர்களைப் பதிவேட்டில் ‘டீஃபால்ட்டர்’ என்று எழுதினோம். கடனைக் கட்டாதவனுக்கு வைக்கிற பெயர். எங்கள் பாஷையில் ஒரு தடவை துணியைக் காட்டிச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் புரிந்துகொண்டிருப்பார். அவர் அம்மாவும் தறிக்காரர்தான்.

இப்போது வசதிகள் கூடிவிட்டன. சிபிநாட் எந்திரம் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சொல்லிவிடுகிறது. மருந்துக்கு அடங்காத நோய்க்கு 2024இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஆறு மாதக் கூட்டு மருந்தில் பிரீட்டோமனிட் இருக்கிறது. வளரும் கிருமியில் அது செய்கிற வேலைகளில் ஒன்று, மைக்கோலிக் அமிலம் உருவாவதைத் தடுப்பது. எழுபது வருஷத்துக்குப் பிறகும் சண்டை அதே மெழுகோடுதான்.

ஓய்வு பெற்ற பிறகு மாதம் இரண்டு நாள், சுகாதாரப் பார்வையாளரோடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிலாளர் தங்கும் அறைகளுக்குப் போகிறேன். பீகார், ஒடிசா பிள்ளைகள். ஓர் அறையில் எட்டுப் பேர். என் பையில் மூன்று துண்டுத் துணி இருக்கும். ஒன்று நைனா நெய்த லுங்கித் துண்டு, அப்படியே. இன்னொன்று அதே துணி, மெழுகு பூசியது. மூன்றாவது, தறியில் அறுத்தெடுத்த பாவு மட்டும், ஊடை இல்லாதது. முதல் இரண்டின் மேலும் தண்ணீர் ஊற்றுவேன். ஒன்றில் இறங்கும், மற்றதில் உருண்டு ஓடும். மூன்றாவதைக் கையில் கொடுத்து இழுக்கச் சொல்வேன்; பிரிந்துவிடும். பாதித் தமிழும் பாதி இந்தியும் போதும். போன வருஷம் ஒருவர் என்னைக் கேட்டார்: “தறி நிக்குது, ஆனா ஆள் உள்ளே இருக்கான். அப்படியாம்மா?” அப்படித்தான் என்றேன். அடுத்த முறை போனபோது அவர் படுக்கைக்கு மேல் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. நான் அவரிடம் என் அம்மாவைப் பற்றிச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் கோடுகள் ஐந்நூறைத் தாண்டின. 1973 ஆடியில் சளி பார்த்து, மருந்தை நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நைனா 1998 வரை நெய்தார். 1974 பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது, தறிக்குப் பின்னால் இருந்த அந்தப் பக்கத்தை அம்மா யாரையும் தொட விடவில்லை. எல்லாம் அடித்து முடித்த பிறகு, மட்டையை வாங்கித் தன் கையாலேயே கடைசியாகச் சுண்ணாம்பு பூசினார். முதல் பூச்சில் கரி மறையவில்லை. மூன்று பூச்சு ஆனது.